டி-மீட்டர் ரீடிங் தப்பா வருதா? எந்த அறிகுறிக்கு எங்க பாக்கணும்

பேப்பர்ல அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ்னு எழுதுவோம், ஆனா சைட்ல எல்லாரும் சொல்றது டி-மீட்டர்தான், அதனால நானும் அப்படியே சொல்றேன். புரோப்னு சொல்ற சென்சார இரும்பு மேல வச்சா, அது ஒலிய உள்ள அனுப்பி, அடிப்பக்கம் பட்டு எதிரொலி (எக்கோ) திரும்பி வர்ற நேரத்த வச்சு தடிமன் எவ்வளவுன்னு சொல்ற மீட்டர் இது. இது முழுசா கெட்டுப்போனா பெரிய பிரச்சனை இல்ல, ரிப்பேருக்கு அனுப்பிட்டு வேற மீட்டர் எடுத்துக்கலாம். கெட்டுப்போயும் நம்பர் காட்டிட்டே இருந்தாத்தான் ஆபத்து. அந்த நம்பர வச்சுத்தான் ஒருத்தர் பைப்ப வெட்டணுமா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமான்னு முடிவு பண்றாரு, அந்த பைப் பக்கத்துல ஆளுங்க வேலை செய்றாங்க, இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல ஸ்டெப் வெட்ஜ் பிளாக்க எடுங்க, அதாவது தடிமன் தெரிஞ்ச, படிக்கட்டு மாதிரி வெட்டின இரும்புத் துண்டு. 2.5, 5, 7.5, 10, 12.5 மிமீ படி இருக்கிற பிளாக்தான் நிறைய பேர்கிட்ட இருக்கும். புரோப் முகத்த துடைச்சுட்டு, ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மெல்லிசா இருக்கிற படியிலயும் தடிமனான படியிலயும் வச்சுப் பாருங்க. ரெண்டும் சரின்னா மீட்டர், கேபிள், புரோப் மூணும் ஓரளவு நல்லாத்தான் இருக்கு, பிரச்சனை ஜாப்ல, அதாவது நீங்க அளக்கிற பைப்லயோ பிளேட்லயோ இருக்கு. ரெண்டுலயும் ஒரே அளவு கூடியோ குறைஞ்சோ காட்டுதா, உதாரணமா 2.5க்கு 2.8, 12.5க்கு 12.8ன்னு, அப்ப ஜீரோ, அதாவது மீட்டர் எண்ண ஆரம்பிக்கிற இடம், நகர்ந்திருக்கு. மெல்லிசுல சரியா இருந்து தடிமன் ஏற ஏற வித்தியாசமும் ஏறுதுன்னா வெலாசிட்டி, அதாவது மீட்டர்ல போட்டிருக்கிற ஒலியோட வேகம், தப்பா இருக்கு. இந்த ரெண்டு நிமிஷ வேலைய விட்டுட்டு நேரா புரோப்ப மாத்துறது, செட்டிங்ஸ எல்லாம் நோண்டுறதுன்னு போனா அரை நாள் போயிடும்.

ஸ்க்ரீன் ஓடுது, ரீடிங்கே வரல

முதல்ல கப்ளண்ட் பாருங்க, அதாவது புரோப்புக்கு அடியில போடுற கிளிசரின், கிரீஸ் மாதிரி பொருள். புரோப்புக்கும் இரும்புக்கும் நடுவுல முடி அளவு காத்து இருந்தாலும் ஒலி உள்ள போகாது, இது சின்ன விஷயமா தெரியும் ஆனா ரீடிங் வரலன்னு சொல்ற பாதி கேஸ் இதுதான். செங்குத்தா இருக்கிற டேங்க் ஷெல்லுல தண்ணி மாதிரி கப்ளண்ட் போட்டா வழிஞ்சு போயிடும், அங்க கிரீஸோ கெட்டியா கரைச்ச சிஎம்சி (செல்லுலோஸ் பவுடர்) பேஸ்ட்டோ வேணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மட்டும் கண்டத போடாதீங்க, குளோரைடு இல்லன்னு சர்டிபிகேட்டோட வர்ற ஜெல்தான் போடணும், அளந்து முடிச்சதும் துடைச்சும் விடணும்.

கப்ளண்ட் இருந்தும் வரலன்னா கேபிள். புரோப்ப பிளாக் மேல வச்சு ஒரு கையால அசையாம பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால கேபிள கனெக்டர் பக்கத்துலயும் புரோப் கழுத்துகிட்டயும் மெதுவா வளைச்சுப் பாருங்க, ரீடிங் வந்து வந்து போச்சுன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. கழட்டி மாத்துற கேபிள்னா மல்டிமீட்டர்ல ரெண்டு லைனையும் தனித்தனியா கன்டினியூட்டி பாத்துடலாம், நடு பின்னுக்கு நடு பின், வெளி ஷீல்டுக்கு ஷீல்டு. புரோப்போட சேத்து வார்த்த கேபிள்னா சால்டர் வச்சு ஒட்டுப்போடாதீங்க, புது புரோப்தான் வழி. கேபிள் ஏன் அந்த இடத்துல அறுதுன்னா நம்ம ஆளுங்க மீட்டர தூக்குறப்ப கேபிள பிடிச்சு தூக்குறாங்க, கழட்டுறப்ப லெமோ கனெக்டர திருகி இழுக்குறாங்க. அது திருகுற கனெக்டரே கிடையாது, வெளி உறைய பிடிச்சு நேரா இழுத்தா தானா வந்துடும்.

கேபிளும் சரி, ஆனா வார்ப்பு இரும்புலயோ தடிமனான பிளாஸ்டிக்லயோ மட்டும் வரலன்னா மீட்டர் மேல தப்பில்ல. வார்ப்பு இரும்போட பெரிய பெரிய மணிகள் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலிய சிதறடிச்சுடும். 2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற புரோப் போடுங்க.

நம்பர் ஒரு இடத்துல நிக்காம குதிக்குது

8.2, 7.9, 11.4, மறுபடி 8.1. முதல்ல மேல் பரப்பு. துரு செதில் செதிலா நிக்குற இடத்துல கிரீஸ அப்பிட்டு அழுத்துனா வரும்னு நினைக்காதீங்க, வயர் பிரஷ் போட்டு, அப்புறம் எமரி போட்டு, உள்ளங்கை அளவு இடம் வழவழன்னு ஆக்குங்க. புரோப்ப ரெண்டு விரலால ஆடாம பிடிச்சா போதும், மொத்த உடம்பு பாரத்தையும் அதுமேல போட்டா ரீடிங் நல்லாகாது, முகம்தான் தேயும்.

மேல சுத்தமா இருந்தும் குதிச்சா புரோப் முகத்த வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நடுவுல ஒரு கோடு தெரியும், அதுதான் அனுப்புற கிரிஸ்டலையும் வாங்குற கிரிஸ்டலையும் பிரிக்கிற தடுப்பு, ரெண்டு பக்கமும் பிசின் மாதிரி இருக்கிறது டிலே, ஒலி அது வழியாத்தான் இரும்புக்கு போகும். அந்த முகம் ஒரு பக்கமா சாஞ்சு தேஞ்சிருந்தாலோ, நடு குழிஞ்சிருந்தாலோ, நகத்துல தட்டுப்படுற மாதிரி கீறல் இருந்தாலோ அத சரி பண்ணிடலாம். தட்டையான கண்ணாடி மேல 500 நம்பர் எமரி ஷீட்ட விரிச்சு, சொட்டு தண்ணி விட்டு, புரோப்ப நேரா நிக்க வச்சு எட்டு போடுற மாதிரி மெதுவா தேயுங்க, பத்து சுத்துக்கு ஒரு தடவ முகத்த பாருங்க, கீறல் போனதும் நிறுத்திடுங்க. கையில எமரிய பிடிச்சுக்கிட்டு தேய்க்காதீங்க, முகம் உருண்டை ஆயிடும். தேச்சு முடிச்சதும் ஜீரோ கண்டிப்பா மறுபடி எடுக்கணும், ஏன்னா ஒலி டிலே வழியா போற தூரம் இப்ப குறைஞ்சு போச்சு.

மேலயும் சரி, புரோப்பும் சரி, பிளாக்ல மலை மாதிரி நிக்குது, ஜாப்ல ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் ஆடுது, இல்ல வரவே மாட்டேங்குதுன்னா அந்த இடத்த தாண்டி போயிடாதீங்க. உள் பக்கம் பிட்டிங் (அரிச்ச குழி) விழுந்திருந்தா ஒலி குழியில பட்டு நாலா பக்கமும் சிதறும், திரும்பி வர்றது ரொம்ப கொஞ்சம். ரிப்போர்ட்ல அந்த கட்டத்த காலியா விட்டுட்டு பக்கத்துல நல்லா வர்ற இடத்து நம்பர எழுதுற பழக்கம் நிறைய இடத்துல பாத்துட்டேன், மனசு பதறும். வராத இடம்தான் பெரும்பாலும் மோசமான இடம். புரோப்ப அங்கயே மெதுவா சுத்தி சுத்தி பாருங்க, இருக்கிறதுலயே குறைஞ்ச நம்பர எழுதுங்க, அதுவும் வரலன்னா வரலன்னே எழுதி ஏ-ஸ்கேன் இருக்கிற, அதாவது எக்கோவ அலையா ஸ்க்ரீன்ல காட்டுற மெஷின கேளுங்க.

புரோப்ப காத்துல தூக்கின பிறகும் நம்பர் நிக்குது

இதுல ரெண்டு இருக்கு. நிறைய மீட்டர்ல கடைசி ரீடிங் அப்படியே நிக்கிற மாதிரிதான் செட்டிங் இருக்கும், ஒட்டியிருக்குன்னு காட்டுற குறி மட்டும் அணைஞ்சிடும், அது கோளாறு இல்ல. குறியும் எரிஞ்சு நம்பரும் வந்தா புரோப் முகத்துல கப்ளண்ட் கட்டியா ஒட்டியிருக்கும், பனியன் வேஸ்ட்டால துடைங்க. சுத்தமா துடைச்சு காய்ஞ்ச பிறகும் காத்துல 1 மிமீ, 2 மிமீன்னு ஒரே நம்பர் வந்துட்டே இருந்தா நடு தடுப்பு கிழிஞ்சு ஒலி ஒரு கிரிஸ்டல்ல இருந்து இன்னொன்னுக்கு நேரா தாவுதுன்னு அர்த்தம். அந்த புரோப்ப தூக்கிப் போடுங்க, அதுல மெல்லிசான எதையும் அளக்கவே முடியாது.

பிளாக்ல சரி, ஜாப்ல மட்டும் கூட காட்டுது

எனக்கு இதுதான் ரொம்ப பயம். குறைச்சு காட்டினா யாராவது ஒருத்தர் கேள்வி கேப்பாங்க, கூட காட்டினா எல்லாரும் சந்தோஷமா கையெழுத்து போட்டுட்டு போயிடுவாங்க. கூட காட்ட எனக்கு தெரிஞ்சு நாலு காரணம் அடிக்கடி வருது.

பெயிண்ட். மீட்டர் எல்லாத்தையும் இரும்புன்னு நினைச்சுத்தான் கணக்கு போடுது, பெயிண்ட்ல ஒலி இரும்புல போற வேகத்துல பாதிக்கும் கம்மியாத்தான் போகும், அதனால பெயிண்ட் தன் தடிமனுக்கு ரெண்டரை மடங்கு இரும்பா கணக்குல ஏறிடும். 0.4 மிமீ பெயிண்ட் மேல வச்சு எடுத்தா கிட்டத்தட்ட 1 மிமீ கூட. 6 மிமீ பிளேட்ல 1 மிமீ எவ்வளவு பெரிய பொய்னு பாருங்க. எக்கோ டு எக்கோ மோடு (அடுத்தடுத்து வர்ற ரெண்டு எக்கோவுக்கு நடுவுல உள்ள நேரத்த மட்டும் எடுக்கிறது) இருக்கிற மீட்டர்னா அது பெயிண்ட கழிச்சுடும், ஆனா ரொம்ப மெல்லிசுல வேலை செய்யாது, உள்பக்கம் அரிச்ச இடத்துலயும் பெரும்பாலும் ரீடிங் வராது. பழைய டேங்க்னா பெயிண்ட சுரண்டிட்டு அளக்கிறதுதான் நிம்மதி.

மேல் பக்க குழி. வெளிய துரு அரிச்சு அரை மிமீ பள்ளம் இருக்கு, அதுல கிரீஸ் நிரம்பிடுச்சு, கிரீஸ்லயும் கிளிசரின்லயும் ஒலி இரும்புல போறதுல சுமாரா மூணுல ஒரு பங்கு வேகத்துலதான் போகும், அப்ப அந்த அரை மிமீ கிரீஸ் ஒன்றரை மிமீ இரும்பா காட்டும். அதாவது இரும்பு குறைஞ்ச இடத்துல ரீடிங் கூடும். இத புரிஞ்சுக்கிட்டா ஏன் பரப்ப சமமாக்க சொல்றாங்கன்னு யாரும் விளக்கவே வேண்டாம். அதே சமயம் மெல்லிசா போன லைன்ல கிரைண்டர் வச்சு சமமாக்காதீங்க, சின்ன முகம் இருக்கிற புரோப் எடுங்க, பள்ளத்தோட ஆழத்த பிட் கேஜ்ல தனியா அளங்க.

சூடு. இரும்பு சூடானா உள்ள ஒலியோட வேகம் குறையும், சுமாரா 55 டிகிரி ஏறினா 1 சதவீதம். வெலாசிட்டிய பட்டறையில ஆறின பிளாக்ல செட் பண்ணிட்டு 220 டிகிரி ஓடுற லைன்ல வச்சா மூணரை சதவீதம் கூட காட்டும், 10 மிமீ பைப் 10.35ன்னு நிக்கும். ஒண்ணு திருத்தம் போடணும், இல்ல அதே சூட்டுல இருக்கிற அதே மெட்டல்ல கேலிபிரேட் பண்ணணும். சாதாரண புரோப்புக்கு 50, 60 டிகிரிதான் தாங்கும், அதுக்கு மேல வச்சா உள்ள பிசின் விட்டுடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, எக்கோ மட்டும் நாளுக்கு நாள் பலவீனமாகும். ஹை டெம்பரேச்சர் புரோப்பா இருந்தாலும் சில வினாடிதான் வைக்கணும், எடுத்து கையில தொடுற அளவு ஆறவிட்டு அப்புறம்தான் அடுத்தது. ஷட்டவுன் நெருக்கடியில இந்த ஆறவிடுற நேரத்த முழுங்கிடுறாங்க, அதுதான் விலை கூடுன புரோப்புங்க சாகுற இடம்.

மெட்டல் மாறுனது. கார்பன் ஸ்டீலுக்கு 5920 மீட்டர் வினாடிக்கு, 304 ஸ்டெயின்லெஸ்க்கு 5660 பக்கம். மாத்தாம விட்டா 10 மிமீ ஸ்டெயின்லெஸ் 10.46ன்னு வரும். காப்பர் இன்னும் மோசம், 4660 பக்கம், அதனால 10 மிமீ 12.7 ஆயிடும். அலுமினியத்துல வேகம் 6320 பக்கம்னால குறைச்சு காட்டும், அதாவது பயப்பட வேண்டாத இடத்துல பயமுறுத்தும். டேபிள்ல இருக்கிற நம்பரவிட அதே மெட்டல் துண்டு ஒண்ண மைக்ரோமீட்டர்ல அளந்து, அந்த தடிமன் மீட்டர்ல வர்ற மாதிரி வெலாசிட்டிய செட் பண்றது எப்பவும் நல்லது. வார்ப்பு இரும்புக்கு டேபிள நம்பவே கூடாது, 3500ல இருந்து 5600 வரைக்கும் எங்க வேணா இருக்கும்.

தேஞ்ச லைன்ல திடீர்னு ரெண்டு மடங்கு

இத நான் நேர்ல பாத்தது. ஒரு பிளாண்ட்ல சின்ன தண்ணி லைன், வளைவுக்கு அப்புறம் அளந்துட்டு வர்றோம், 1.9, 1.6, 1.3ன்னு இறங்கிட்டு வருது, அடுத்த புள்ளியில 2.2. கூட இருந்த பையன், "அண்ணே, இங்க நல்லா இருக்கு போல"ன்னான். இறங்கிட்டு வர்ற ஒரு நம்பர் ஏன் திடீர்னு ஏறணும், அதுவும் பாதி பண்ணா 1.1, அந்த வரிசைக்கு அப்படியே பொருந்துது. 15 மெகாஹெர்ட்ஸ் சிங்கிள் கிரிஸ்டல் டிலே லைன் புரோப் கொண்டுவந்து வச்சோம், 1.1 தான்.

நடந்தது என்னன்னா, ரெண்டு கிரிஸ்டல் டிஆர் புரோப்புல ஒலி வி வடிவத்துல போய்ட்டு வரும். இரும்பு ரொம்ப மெல்லிசா போச்சுன்னா முதல் எக்கோ வாங்குற கிரிஸ்டலுக்கு ஒழுங்கா போய் சேராது, ரெண்டாவது சுத்து போய்ட்டு வர்ற எக்கோ நல்லா சேரும், மீட்டர் அத பிடிச்சுக்கிட்டு ரெண்டு மடங்கா சொல்லும். சாதாரண 5 மெகாஹெர்ட்ஸ் புரோப்புக்கு 1.2 மிமீ பக்கத்துல கீழ் எல்லைன்னு மேனுவல்ல போட்டிருக்கும், முகம் தேஞ்ச புரோப்னா அதுக்கு முன்னாடியே இந்த வேலைய ஆரம்பிச்சுடும். உங்க புரோப் எங்க டபுள் ஆகுதுன்னு தெரிஞ்சுக்க 1 மிமீ, 1.5 மிமீ, 2 மிமீ தகடு மூணு துண்டு வெட்டி பெட்டியில வச்சுக்கோங்க, மாசத்துக்கு ஒரு தடவ வச்சுப் பாருங்க. அடிக்கடி மெல்லிசு அளக்கிற வேலைனா 7.5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் சின்ன புரோப் வாங்கச் சொல்லி கேளுங்க.

திடீர்னு பாதி

12 மிமீ பிளேட்ல ஒரு இடத்துல 6 காட்டுது, சுத்தி எல்லாம் 12. இதுக்கு மீட்டர அணைச்சு அணைச்சு போடாதீங்க. பிளேட் நடுவுல லேமினேஷன் (பரப்புக்கு இணையா உள்ள ஓடுற பிளவு) இருக்கலாம், ஹைட்ரஜன் சம்பந்தப்பட்ட சர்வீஸ்னா உள்ள பிளிஸ்டர் (கொப்புளம்) கிளம்பியிருக்கலாம், உண்மையிலயே அரிச்சும் இருக்கலாம். புரோப்ப நகர்த்தி 6 வர்ற இடத்த சாக்பீஸ்ல வரைஞ்சு எடுங்க. மெதுவா 12, 11, 9, 7ன்னு இறங்குனா அரிப்பு. 12ல இருந்து ஒரே எட்டுல 6க்கு விழுந்து அந்த பரப்பு முழுக்க 6லயே நின்னா லேமினேஷன். இத முடிவு பண்ண வேண்டியது ஆங்கிள் புரோப்பும் ஏ-ஸ்கேனும் வச்சிருக்கிறவங்க, நம்ம வேலை வரைஞ்சு கொடுக்கிறது.

சின்ன பைப்ல புரோப்ப திருப்பினா வேற நம்பர்

நடு தடுப்பு கோடு பைப் நீளத்துக்கு குறுக்க இருக்கணும். 4 இஞ்சுக்கு கீழ உள்ள பைப்னா குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணுன்னு ரெண்டு எடுத்து குறைஞ்சத எழுதுங்க. புரோப் இப்படி அப்படி ஆடாம இருக்க நல்லா நடுவுல உக்காரணும், பாய்லர் டியூப்ல கை நடுங்கினா கூட மாறும்.

காலைல சரி, மதியம் எல்லாம் மாறிடுது

ஜீரோ நகருது. டிலே பிசின் சூடானா அதுலயும் ஒலி வேகம் மாறும், காலைல நிழல்ல ஜீரோ எடுத்துட்டு மதியம் வெயில்ல காஞ்ச டேங்க் கூரைமேல வச்சா ஜீரோ அதே இடத்துல இருக்காது. இன்னொரு ஜீரோ எடுங்க, அவ்வளவுதான். ஆனா ஜீரோ எடுக்கிற முறை மாடலுக்கு மாடல் வேற. மீட்டர் உடம்புல 4 மிமீ, 5 மிமீ தட்டு இருக்கிறதுல கப்ளண்ட் விட்டு அதுமேல வச்சு எடுக்கணும், அதுலயும் சில மாடல்ல முதல்ல வெலாசிட்டிய ஸ்டீலுக்கு மாத்தணும். ஒலிம்பஸ் 38 டிஎல் ப்ளஸ் மாதிரி மீட்டர்ல டூயல் புரோப்ப நல்லா துடைச்சு காத்துல பிடிச்சு எடுக்கணும், முகத்துல கப்ளண்ட் இருந்தா ஜீரோவே தப்பாயிடும். ஒரு மீட்டர் பழக்கத்த இன்னொரு மீட்டர்ல கொண்டு போறதுல வர்ற தப்பு இது, புது மீட்டர் கைக்கு வந்த அன்னைக்கே அந்த ஒரு பக்கத்த மட்டுமாவது படிச்சுடுங்க.

புரோப் மாத்துனா ஜீரோ, கேபிள் மாத்துனா ஜீரோ, பேட்டரி மாத்துனாலும் ஒரு ஜீரோ. வருஷத்துக்கு ஒருக்க என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள கேலிபிரேஷன் லேப்ல போட்ட ஸ்டிக்கர் இருக்குன்னு இதை விடாதீங்க, அந்த ஸ்டிக்கர் அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுது, இன்னைக்கு மதியம் எப்படின்னு சொல்லாது. ஆரம்பிக்கறப்ப, நடுவுல ரெண்டு மூணு தடவ, முடிக்கறப்ப பிளாக்ல பாத்து நேரத்தோட எழுதி வைங்க. முடிக்கறப்ப தப்பா இருந்தா கடைசியா சரியா இருந்த செக்குக்கு அப்புறம் எடுத்த எல்லா ரீடிங்கும் மறுபடி எடுக்கணும், கசப்பா இருந்தாலும் வேற வழி கிடையாது. நடுவுல செக் பண்ணியிருந்தா மறுபடி எடுக்க வேண்டியது நாப்பது புள்ளி, பண்ணலன்னா நானூறு.

லைட் போட்டா அணைஞ்சிடுது

பேட்டரி. பல்ஸ் அனுப்புறப்பவும் பேக்லைட் எரியறப்பவும் கரண்ட் கூட இழுக்கும், பாதி செத்த செல் அப்ப கவுந்துடும். புது செல் போட்டும் அணைஞ்சா ஸ்பிரிங் முனைய பாருங்க, வெள்ளையா பூத்திருந்தா அல்கலைன் செல் ஒழுகியிருக்கு. பஞ்சு குச்சியில வினிகர் லேசா தொட்டு துடைச்சு, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காயவிட்டு போடுங்க. வேலை இல்லாத மாசத்துல செல்ல கழட்டித்தான் வைக்கணும்.

துடைக்கிறதப் பத்தி இன்னும் ஒண்ணு. பெயிண்டர் பக்கத்துல இருப்பாரு, தின்னர் டப்பா கைக்கெட்டுற தூரத்துல இருக்கும், அதுல நனைச்சு மீட்டரயும் புரோப்பயும் துடைச்சா ஒரே நிமிஷத்துல பளிச்சுன்னு ஆகும், ஆனா புரோப் முகத்து பிசினையும் ஸ்க்ரீன் மேல் பூச்சையும் தின்னர் கரைச்சு மங்கலாக்கிடும். லேசா சோப்பு தண்ணி தொட்ட துணி போதும். துறைமுகம் பக்கம், உப்புக்காத்து அடிக்கிற இடம்னா சாயங்காலம் கனெக்டர் வாய காஞ்ச துணியால துடைச்சு மூடி போடுங்க, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பை ஒண்ணு போட்டு வைங்க, ஸ்டெப் பிளாக்குக்கு லேசா மெஷின் ஆயில் தடவி தனி பிளாஸ்டிக் கவர்ல சுத்துங்க. பிளாக் துருப்பிடிச்சு கொஞ்சம் தேஞ்சுட்டா நீங்க செக் பண்ற எல்லாமே அந்த தேய்மானத்தோடதான் வரும், அதனால அந்த பிளாக்கயும் அப்பப்ப மைக்ரோமீட்டர்ல அளந்து கவர் மேல தேதி போட்டு ஒட்டுங்க.